ஐயாயிரம் ரூபாயும் கால் டிகிரியும்

திருவண்ணாமலையில் காரை இறக்கி ஓட்டும் பையன்களைப் பற்றி மூன்று விதமான பேச்சுகள் உண்டு. சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டால் "குற்றம்" என்பார்கள். படித்தவர்களைக் கேட்டால் "புள்ளிங்கோ" என்று சிரிப்பார்கள். பட்டறையில் கேட்டால் "காலைல வண்டிய விடுங்க, சாயந்தரம் எடுத்துக்கலாம்" என்பார்கள். மூன்று தரப்புக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காரை யாருமே அளந்து பார்த்ததில்லை. என் சண்டை இந்த மூன்று பேரோடும்தான்.

சண்டைக்கு முன்னால், எதைப் பற்றிச் சண்டை என்று சொல்லிவிட வேண்டும்.

கார் இறக்குவது என்றால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை மாற்றியோ குட்டையாக்கியோ வண்டியின் உடலைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. முப்பது, நாற்பது மி.மீ. இறக்கினாலே டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி மறைந்துவிடும். வண்டி குனிந்து பாயத் தயாரானது மாதிரி இருக்கும். அழகாகத்தான் இருக்கும், அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

பிரச்சினை, சக்கரம் நூல் பிடித்தாற்போல நேராக மேலும் கீழும் போவதில்லை என்பதில் இருக்கிறது. நம் ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு லோயர் ஆர்ம், மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண். லோயர் ஆர்ம் ஒரு கதவு கீலில் திரும்புவது போல வட்ட வில்லில் நகர்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் இன்னொரு வட்ட வில்லில் நகர்கிறது. இரண்டு வில்லும் ஒத்துப்போகும் உயரம் ஒன்றை வைத்துத்தான் கம்பெனி வண்டியை நிறுத்துகிறது. நீங்கள் நாற்பது மி.மீ. இறக்கும்போது அந்த ஒப்பந்தம் முறிகிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த ஒவ்வொருவரும் கினமேடிக்ஸ் தாளில் 'ஃபோர் பார் மெக்கானிசம்' வரைந்து பதினாறு மார்க் வாங்கியிருப்போம். அதேதான் இது. என்ன, கல்லூரியில் அதைச் சார்ட் பேப்பரில் காட்டினார்கள், எந்தக் காருக்கு அடியிலும் படுக்கவைத்துக் காட்டவில்லை. அப்புறம் நாங்களெல்லாம் கோடு எழுதப் போய்விட்டோம்.

ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு கோணங்கள் மாறும். காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகி நின்றால் டோ-அவுட். இறக்கிய வண்டியில் கேம்பர் வழக்கமாக நெகட்டிவ் பக்கம் போகும். டோ எந்தப் பக்கம் போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் போகும். கண்ணுக்குத் தெரிவது கேம்பர், டயரைத் தின்பது டோ. எல்லோரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள்.

கணக்குப் போடலாம். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பி நிற்கிறது என்று வையுங்கள். கால் டிகிரி என்பது கண்ணால் கண்டுபிடிக்க முடியாத அளவு. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.0044. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் அந்த டயர் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுற்றினால் 61 மீட்டர். சென்னைக்கு ஒரு நடை போனால் முக்கால் கிலோமீட்டருக்கு மேல். ரப்பரை ரோட்டில் வைத்து முக்கால் கிலோமீட்டர் குறுக்காக இழுத்தால் என்ன மிஞ்சும்?

மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹாட்ச்பேக் வாங்கி, ஊரில் ஒரு பட்டறையில் இறக்கினான். அங்கே செய்த வேலை ஸ்பிரிங்கை ஆங்கிள் கிரைண்டரில் ஒரு சுற்று அறுத்தது. பிறகு ஒரு டயர் கடையில் அலைன்மென்ட்டும் பார்த்திருக்கிறான், ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். தாளில் டோ மட்டும் பச்சை. கேம்பர் இரண்டு பக்கமும் சிவப்பு. ஏன் என்று கேட்டதற்கு, "அது நம்ம வண்டில அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது சார், டோ மட்டுந்தான்" என்று பதில். சிவப்பாக இருக்கும் தாளோடு வண்டியை அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் பள்ளம் குழியில் விழுந்து அந்த டோவும் நகர்ந்திருக்க வேண்டும். ஏழெட்டு மாதம் கழித்து நான் குனிந்து பார்த்தபோது, முன் டயரின் வெளிப்பக்கம் கிட்டத்தட்டப் புதிது. உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. நின்று பார்த்தால் தெரியாது, படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த டயரோடுதான் சித்தியை மாதாமாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தான், ஹைவேயில், நூறில். "டயர் நல்லாத்தானண்ணா இருக்கு" என்றான். நின்று பார்த்த வரைக்கும் அவன் சொன்னது சரி.

*

முதலில் சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் பிரிவு 182ஏ-வைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இனி உங்கள் ஆர்.சி. புத்தகத்தையோ அட்டையையோ எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண் இருக்கும், சேசிஸ் எண் இருக்கும், நிறம் இருக்கும், வீல்பேஸ் இருக்கும். தரையிலிருந்து உயரம் இருக்காது. கேம்பர், டோ பற்றிய பேச்சே கிடையாது. பிரிவு 52-இன் விளக்கம் 'மாற்றம்' என்பதை, வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்கிறது. முப்பது மி.மீ. இறக்கினால் அடிப்படைத் தன்மை மாறுமா? அறுபது மி.மீ.க்கு? அது அன்றைக்கு ரோட்டில் நிற்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. எண் இல்லாத சட்டம் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

இதன் விளைவை யோசியுங்கள். ஒருவன் வண்டிக்கென்றே வடிவமைத்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டையான ஷாக் அப்சார்பரும் போட்டு, கேம்பர் போல்ட் மாட்டி, நான்கு சக்கரத்தையும் அளந்து சரிசெய்கிறான். இன்னொருவன் கிரைண்டரால் அறுக்கிறான். சட்டத்துக்கு இருவரும் ஒன்று. சொல்லப்போனால் முதல் ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். அவன் பில் வைத்திருக்கிறான், பாகங்களை எண்ணினால் மாற்றங்களின் எண்ணிக்கையும் கூடுதல். அறுத்தவன் "ஸ்பிரிங் உக்காந்துடுச்சு சார்" என்று சொல்லித் தப்பிவிடலாம். நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் ஒரே தண்டனை என்றால், எல்லோரும் மலிவான வேலையைத்தான் செய்வார்கள், அதையும் இரவில் செய்வார்கள்.

"தடை செய்யாவிட்டால் உயிர் போகும்" என்று ஒரு பதில் வரும். உயிரைப் பற்றிய அக்கறை என்றால் அது ஸ்டாக் வண்டிகளிடமும் இருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சோதனை என்று யாரும் அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை. குழியில் விழுந்து டை ராட் வளைந்த ஸ்டாக் கார் பதினைந்து வருடம் கோணலாக ஓடலாம். ஜெர்மனியில் புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே சஸ்பென்ஷனை இறக்கலாம். அங்கீகாரம் பெற்ற நிபுணர் பரிசோதித்து, மாற்றம் வண்டியின் ஆவணத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் சோதனைக்கு வரும் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே 9 செ.மீ. இருக்க வேண்டும் என்று எண் சொல்கிறார்கள். எண் இருந்தால் வாதாடலாம், அளக்கலாம், ஒப்புக்கொள்ளலாம். நம்மிடம் இருப்பது ஐயாயிரம் என்ற எண் மட்டும்.

*

அடுத்து, சிரிப்பவர்கள். இதில் நானும் நீங்களும் புழங்கும் வட்டம் முழுக்க அடக்கம்.

வடிவம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் நாம். ஒரு சிறுகதையின் கடைசி வரியை வெட்டலாமா என்று மூன்று நாள் சண்டை போடுவோம். ஆனால் ஒரு பெயின்டர் மகன், ஒரு டிராவல்ஸ் டிரைவர், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய காரின் வடிவம் பற்றி யோசித்தால் அது நமக்கு ரசனைக்கேடு. அதே சமயம் நாற்பது லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஜெர்மன் கார் ஃபேக்டரியிலிருந்தே தாழ்வாக வந்தால் "என்ன ஸ்டான்ஸ்" என்கிறோம். இரண்டு கார்களும் கேட்பது ஒரே அழகை. ஒருவனுக்கு அந்த அழகைச் செய்து கொடுக்க இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், இன்னொருவனுக்குக் கிரைண்டர்தான் இருக்கிறது. வித்தியாசம் ரசனையில் இல்லை.

இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு, அது நம் ஊரில் தொடங்கவில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய கார்களை வாங்கி இறக்கி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். 1958இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: சக்கரத்தின் ரிம் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. அடுத்த ஆண்டே ரான் அகைர் என்ற இளைஞர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பொருத்தினார். போலீஸ் வந்தால் சுவிட்சைத் தட்டி வண்டியை உயர்த்திக்கொள்ளலாம். லோரைடர் கார்கள் குதிப்பதும் ஆடுவதும் அந்தத் தடையிலிருந்து பிறந்த தொழில்நுட்பம். அந்தச் சட்டத்தைக் கலிஃபோர்னியா நீக்குவதற்கு 2023 வரை ஆனது, 2024 ஜனவரி 1 முதல் அது இல்லை. அறுபத்தைந்து வருடம் ஒரு சமூகத்தின் கார்களை மறித்து நிறுத்துவதற்கு அது ஒரு கருவியாக இருந்தது என்பதை அந்த மாநிலமே ஒப்புக்கொண்ட மாதிரி.

"நம்ம ஊருக்கு எதுக்குய்யா இந்த வெளிநாட்டு மோகம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிக்கு வாருங்கள். பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துக் கொடுத்து, வழுக்கிவிட்டுத் திருப்புகிறார்கள். அந்தக் கட்டையின் சரிவு, அதை வைக்கும் இடம், எடுக்கும் நேரம் எல்லாம் கணக்கு. சக்கரத்தின் கோணத்தைக் கையாலும் கட்டையாலும் திருத்துகிற ஊர் இது. தேர் ஓடும் முன் அச்சும் சக்கரமும் உறுதியாக இருக்கிறதா என்று பொறியாளர்கள் பார்ப்பதும் உண்டு. வருடத்தில் சில நாள் ஓடும் தேருக்குப் பார்க்கிறோம். தினம் ஓடும் காருக்குப் பார்க்க மாட்டோம் என்றால், மோகம் எங்கே இருக்கிறது?

*

கடைசியாகப் பட்டறை. இவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு, ஆனால் கேள்வி அதிகம். உயிரோடு நேராகத் தொடர்புள்ள வேலையைச் செய்பவர்கள் இவர்கள்தான்.

ஸ்பிரிங்கை அறுத்தால் என்ன ஆகும்? சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும். இது ஃபார்முலா, யாரும் மாற்ற முடியாது. ஆனால் நீளமும் குறைகிறது. வண்டி ஒரு பள்ளத்தில் சக்கரத்தைத் தொங்கவிடும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும், திரும்ப உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்று உத்தரவாதம் இல்லை. சிலர் அறுக்காமல் கேஸ் வைத்துச் சூடுபடுத்தி உட்காரவைக்கிறார்கள். அது இன்னும் மோசம், ஸ்பிரிங்குக்குக் கொடுத்திருந்த பதமே போய்விடும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால் அதன் தண்டு பாதி இறங்கிய நிலையில்தான் எப்போதும் நிற்கும். சின்னக் குழிக்கே பம்ப் ஸ்டாப்பர் ரப்பரில் இடிக்கும். பையன் அதை "ஸ்டிஃப்பா இருக்குண்ணா" என்று பெருமையாகச் சொல்வான். அவன் ஸ்பிரிங்கில் போகவில்லை, ரப்பர் கட்டையில் போய்க்கொண்டிருக்கிறான்.

இன்னொரு நம்பிக்கை: இறக்கினால் வளைவில் வண்டி சாயாது. எப்போதும் அப்படி இல்லை. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், மெக்ஃபெர்சன் அமைப்பில் உடலைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீளும். அதே இறுக்கமுள்ள ஸ்பிரிங் என்றால் இறக்கிய வண்டி கூடுதலாகவே சாயலாம். செங்கம் ரோட்டில் வளைவில் நூறில் போகிறவனுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

சரியாகச் செய்வது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. முப்பது, முப்பத்தைந்து மி.மீ.யோடு நிறுத்துங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக மாற வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க இறுக்காதீர்கள். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நாள் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். முதலில் காற்று, பிறகு பின் சக்கரம், பிறகு முன் கேம்பர், கடைசியில் டோ. இந்த வரிசை மாறினால் செய்தது வீண், கேம்பரைத் தொட்டால் டோ நகரும். 'அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்பது பாதி உண்மைதான். கம்பெனி கொடுக்காவிட்டாலும் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் எக்சென்ட்ரிக் போல்ட் போட்டால் ஒரு டிகிரி அளவுக்கு மீட்கலாம். பின்பக்கம் டார்ஷன் பீம் உள்ள கார்களில் ஷிம் வைக்கலாம். என் கணக்கில் தெருவில் ஓடும் காருக்கு ஏற்கத்தக்க நிலை இது: முன் கேம்பர் மைனஸ் ஒன்றரை டிகிரிக்குள், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள், டோ கம்பெனி சொன்ன எல்லைக்குள். பிறகு ஹெட்லைட்டின் சாய்வைத் திருத்த வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தாளில் ஏதாவது சிவப்பாக இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

*

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராதுப்பா." இந்த ஒரு வாக்கியத்தோடு பெரும்பாலான விவாதங்கள் முடிந்துவிடுகின்றன. முடிய விட மாட்டேன்.

வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு தரம் வைத்திருக்கிறது, ஐ.ஆர்.சி. 99. வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். ஒரு சின்னக் காரின் வீல்பேஸ் சுமார் 2.45 மீட்டர். தடை அதைவிட அகலம் என்பதால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தடையின் மேல் நிற்கும். அப்போது வயிற்றுப் பகுதியை நோக்கித் தடை உயர்வது 44 மி.மீ.தான். சாதாரண ஹாட்ச்பேக்கின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. என்று வைத்து, நாற்பது இறக்கி, ஐந்து பேர் ஏறியதில் இன்னொரு முப்பத்தைந்து போனாலும் 90 மிஞ்சும். மெதுவாகப் போனால் தாராளமாகத் தாண்டலாம்.

நம் தெருக்களில் இருப்பவை என்ன? அரை மீட்டர் அகலத்தில், ஒரு சாண் உயரத்துக்குத் தார் குவியல். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. 15 செ.மீ. குவியலை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் வைத்துத் தாண்டினால் முழு 150 மி.மீ.யும் வயிற்றை நோக்கி வரும். அப்போது ஐந்து பேர் ஏறிய ஸ்டாக் காருக்கே 130தான் இருக்கும். அதுவும் இடிக்கும். ஆக, ரோட்டுக்கு ஒத்துவராதது இறக்கிய கார் மட்டும் இல்லை. ரோடே தன் தரத்துக்கு ஒத்துவரவில்லை. காரை மாற்றியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை. தரத்தை மீறிக் குவியல் போட்டவருக்கு என்ன என்று கேட்டால், "யாரு போட்டதுன்னே தெரியலயே" என்பார்கள்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு சிப்காட்டில் மஹிந்திராவின் வாகனச் சோதனைத் தடம் இருக்கிறது. சஸ்பென்ஷனைத் துன்புறுத்திப் பார்ப்பதற்கென்றே விதவிதமாக ரோடு போட்ட இடம். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிவு இல்லாமலா போயிற்று? அவலூர்பேட்டை ரோட்டுப் பட்டறைக்கும் அந்த அறிவுக்கும் நடுவில் ஒரு கதவு இல்லை, அதுதான்.

அந்தக் கதவு எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். புகைச் சான்று ஏற்கெனவே தனியார் மையங்களில் கொடுக்கப்படுகிறது. அதே போல அலைன்மென்ட் மெஷின் வைத்திருக்கும் டயர் கடைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கலாம். ஆள் ஏறாத வண்டிக்கு அடிப்பகுதி உயரம் இவ்வளவு, கேம்பர் இந்த எல்லை, டோ இந்த எல்லை, ஸ்பிரிங்கில் அறுத்த தடம் இருக்கக் கூடாது. நான்கும் சரியென்றால் ஆர்.சி.யில் பதிவு. சரியில்லையென்றால் வண்டி ஓடக் கூடாது. "காசு கொடுத்தால் புகைச் சான்றே வண்டி இல்லாமல் கிடைக்கிறதே" என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் இறக்கிய வண்டியில் ஒரு சாட்சி எப்போதும் கூடவே வருகிறது, டயரின் உள்விளிம்பு. பொய்ச் சான்று கொடுத்தவனை ஐந்தாயிரம் கிலோமீட்டரில் அது காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையை ஸ்டாக் வண்டிகளுக்கும் வையுங்கள். எத்தனை 'ஒழுக்கமான' குடும்பக் கார்கள் கோணலாக ஓடுகின்றன என்பது அப்போது தெரியும்.

இது வரும் வரை பையன்களுக்கு என்ன சொல்வது? "இறக்காதே" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னாலும் கேட்கப் போவதில்லை. சட்டம் உன் பக்கம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்வேன். அதையும் மீறி இறக்கினால், அளந்து இறக்கு, தாளைக் கையில் வாங்கு, அம்மாவை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை படுத்து டயரின் உள்பக்கத்தைப் பார்.

சிரிப்பவர்களுக்கும் அதே வேலைதான். முதலில் உங்கள் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்.